புதன்கிழமை, எட்டு மணி முறை

நவம்பரில் ஒரு நாள்
எங்கள் நாட்டில் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று
வரி அலுவலகம் எல்லோருக்கும் திறந்து காட்டும்.
பொறாமை நாள் என்று அதற்குச் செல்லப் பெயர்.

கோட்கா துறைமுகத்தில் அன்று ஆலங்கட்டி மழை.
அடித்தளத்துச் சவுனாவில் நாங்கள் நால்வர்,
மேல் பலகையில் துண்டு விரித்து.
பேச்சு அந்தரங்கத்தைப் பற்றி.
உடம்பில் நூலிழை இல்லாமல்தான் பேசினோம்,
அதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

முறை எழுதும் தாளை எடுத்துவிடலாம் என்றாள் ஹில்ப்பா.
குடியிருப்போர் குழுவின் தலைவி அவள்.
"கயிற்றில் தொங்கும் பென்சிலை யாரோ திருடுகிறார்கள்,
பெயரை யாரோ அழிக்கிறார்கள்.
ஒரு செயலி வந்தால் வம்பே இல்லை."
"உன் செயலி என் தொலைபேசியில் இருக்கும்
எண்களையெல்லாம் கேட்கிறது" என்றாள் மரேட்.
"வேர்க்க வருகிறவளின் சகலையும் ஓரகத்தியும்
அதற்கு எதற்கு?"

கல்லில் தண்ணீர் ஊற்றினாள் வுவோக்கோ.
நாங்கள் குனிந்து காதைப் பொத்தினோம்.

அவள் வேலை மளிகைக் கிடங்கில்.
காதில் ஒரு குரல் அலமாரி எண் சொல்லும்,
இவள் எண்ணைத் திருப்பிச் சொல்லிப் பெட்டியை எடுப்பாள்.
சில இரவுகளில் தூக்கத்திலும் சொல்கிறாளாம்:
நாற்பத்திரண்டு, சரி. பதினேழு, சரி.
"நான் கழிப்பறையில் ஆறு நிமிடம் இருந்தது
மேலாளருக்குத் தெரியும்.
அவர் மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை மணி நேரம் போனார்
என்று எனக்குத் தெரியுமா?"
"அதற்குத்தானே இந்தப் பட்டியல்" என்றாள் ஹில்ப்பா.
"பட்டியலில் அவர் சம்பளம் இருக்கிறது.
நிமிடம் இல்லை."

அப்போதுதான் மரேட் சொன்னாள்,
வளைகுடாவுக்கு அக்கரையில் அவள் ஊரில்
அரசாங்க ஏட்டில் நம் பெயரை யார் திறந்தாலும்
திறந்தவர் தடம் பதியும் என்று;
காலையில் காப்பியோடு உட்கார்ந்து
போலீஸா, ஆஸ்பத்திரியா, எந்த அலுவலகம்,
எத்தனை மணிக்கு என்று பார்க்கலாம் என்று.
"பார்ப்பது தப்பில்லை.
பார்த்தவன் ஒளிந்துகொள்வதுதான் தப்பு."

எண்பது டிகிரியில்
எனக்குக் குளிர்ந்தது.

பேருந்துப் பணிமனைக் கணினியில் மதியம்
முதலில் எங்கள் நிறுவனத் தலைவரைத் தேடினேன்.
வயிறு எரிந்தது, நன்றாகவும் இருந்தது.
பிறகு முன்னாள் கணவனை.
பிறகு அவன் தம்பியை.
பிறகு, விரல் சும்மா இருக்காமல்,
வுவோக்கோவை.
பதினாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
வருஷத்துக்கு.
நான் வாங்குவதில் பாதிகூட இல்லை.

போன தேர்தலுக்கு முந்தைய புதன்கிழமை
இதே பலகையில் உட்கார்ந்து
உதவித்தொகையில் கை வைத்தால்தான் நாடு உருப்படும்,
வாங்கித் தின்றே பழகிவிட்டார்கள்
என்று அடித்துப் பேசியவள் நான்.
வுவோக்கோ எழுந்து போய்க் கதவைத் திறந்து நின்றாள்.
காற்றுக்காக என்று நினைத்தேன்.

உடைமாற்றும் அறையில்
செய்தித்தாள் விரித்து சாசேஜ் வைத்தோம்.
நான்கில் ஒரு வாரம் அவள் செலவு;
இந்த வாரம் அவளுடையது.
"இன்றைக்கு நான் தருகிறேனே" என்றேன்,
பர்ஸைத் திறந்துகொண்டு, கொஞ்சம் வேகமாக.

ஈரத் தலையோடு என்னைப் பார்த்தாள்.
"பார்த்துவிட்டாயா?"

ஹில்ப்பா காலுறையைத் தேட ஆரம்பித்தாள்.
மரேட் தேடுகிற மாதிரிகூடச் செய்யவில்லை.

"பார்த்தேன்" என்றேன்.

"நானும் மூணு வருஷமாகப் பார்க்கிறேன், உன்னுடையதை.
ஒரு தடவையாவது
உன் தட்டில் கூட ஒரு துண்டு வை என்று கேட்டேனா?"

இல்லை.

"தேர்தலுக்கு முன்னால் நீ பேசியது இருக்கிறதே,
அதற்கு ஒரு நாள் பதில் சொல்கிறேன்.
இன்றைக்குப் பசிக்கிறது.
பர்ஸை மூடு.
கடுகுச் சாந்தை எடு."

எடுத்தேன்.
மூடி இறுகிப் போயிருந்தது.
கையிலோ இன்னும் ஈரம்.