நூற்றெழுபது பாகை

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் புதுப்பெயர் வைத்துப் பல வருஷம்.
பஸ்காரர்கள் பழசைத்தான் கூவுகிறார்கள்.
என் விமானத்துக்கும் அப்படித்தான்:
கோப்பில் அதன் பெயர் வெண்கொக்கு நான்கு,
வாயில் வருவது குண்டம்மா.

பகலில் எனக்கு ஆலையில் எடைமேடை வேலை.
லோரி ஏறும், எண் நடுங்கி நிற்கும்,
குலையோடு ஒரு கணக்கு, வெறும் வண்டிக்கு ஒரு கணக்கு,
கழித்தால் செம்பனை.
இரவில் கணினி முன்னாலும் அதே கழித்தல்தான்:
துப்பாக்கியை எடுத்துவிட்டால் குண்டம்மா பறக்கிறாள்,
வைத்தால் மூக்கைத் தொங்கப்போடுகிறாள்.

நாற்பத்தோரு வயதுக்காரி விளையாடும் விளையாட்டா என்று
யாரும் கேட்கவில்லை.
வீட்டில் நானும் ஒரு மீன்தொட்டியும்தான்.

முதலில் செய்த துப்பாக்கிக் கூண்டு திரும்பவே இல்லை;
அச்சை உடம்போடு சேர்த்து ஒட்டிவிட்டிருந்தேன்.
இரண்டாவது திரும்பியது, நிற்கவில்லை,
கல்யாண மண்டபத்து மின்விசிறி மாதிரி.
மூன்றாவதில் இடப்பக்கம் தட்டினால் வலப்பக்கம் போனது.
ஒரே ஒரு கழித்தல் குறி. அதைக் கண்டுபிடிக்க
நான்கு இரவும் ஒரு டின் பிஸ்கட்டும் ஆயின.

படுக்கைவசத்தில் சுற்ற ஒரு சுழலி,
அதன் முதுகில், குழாய் ஏறி இறங்க இன்னொன்று.
வரிசை மாறினால்
பஸ்ஸில் தூங்குகிறவன் தலைபோல் துப்பாக்கி
ஒரு பக்கமாய்ச் சரியும்.
இதையெல்லாம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் போலிருந்தது.
மீன்களிடம் சொன்னேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
நாலாயிரம் அடி உயரம், கீழே யாரோ வரைந்து முடிக்காத கடல்,
கூண்டு வெண்ணெயில் வைத்ததுபோல் திரும்புகிறது.
எதிரிக்கு ஒரு சிவப்பு பலூன் வைத்திருந்தேன்.
பலூன் பின்னால் நழுவியது.
குழாய் பின்தொடர்ந்தது.
விரலை எடுக்கவில்லை நான்.
டட்டட்டட்டட்
என் வாலை நானே அறுத்தேன்.

பலூனுக்கு ஒன்றும் ஆகவில்லை.
குண்டம்மா சுற்றிச் சுற்றி இறங்கினாள்,
கூண்டு மட்டும் கடல் வரைக்கும்
விடாமல் குறிபார்த்துக்கொண்டே.

மறுநாள் கண் எரிய உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடிக்கு வெளியே சற்குணன் லோரி.
முதுகில் கிராப்பர், இரும்புக் கை, நுனியில் வளைந்த நகங்கள்,
சிந்திய குலைகளை அள்ளி அள்ளிப் போட்டான்.
கை சுற்றியது, சுற்றியது,
வண்டித் தலைக்கு ஒரு முழம் முன்னால்
டக்கென்று நின்றது.
ஒவ்வொரு தடவையும் அதே முழம்.

ரசீதைக் கையிலேயே வைத்துக்கொண்டு
இறங்கிப் போய்க் கேட்டேன்.
இருபத்திரண்டு வயதிருக்கும். பல்லைக் காட்டினான்.
"அதுவா அக்கா? வேலைக்கு வந்த மாசமே கூரைய நசுக்கிட்டேன்.
தவுக்கே சம்பளத்துல புடிச்சாரு.
பெறவு இது."
குனிந்து காட்டினான்:
வளையத்தின் ஓரம், கிரீஸ் அப்பிய
கட்டைவிரல் அளவு இரும்புத் துண்டு,
அசிங்கமாக வெல்டிங் வைத்தது.

பின்னால் மூன்று லோரிகள் ஹாரன் அடித்தன.

அன்றிரவு கூண்டுக்கு எல்லை எழுதினேன்.
இந்தப் பக்கம் நூற்றெழுபது, அந்தப் பக்கம் நூற்றெழுபது,
மிச்சம் இருபது பாகை
வாலுக்கு.

பலூன் தெரிந்தேதான் அங்கே போய் நின்றது.
கூண்டு ஓடிவந்து முட்டியது.
வந்த வழியே திரும்பி, மூக்கைச் சுற்றி,
மறுபக்கம் போய் அங்கும் முட்டியது.
நான் சிரித்த சத்தத்தில் மீன்கள் கலைந்தன.

சுடவில்லை. சுடாமலேயே
இங்கிருந்து ஜெராம் கடற்கரைக்குப் போகிற தூரம் பறந்தோம்,
நடுவில் வால், பின்னால் பலூன்.

காலையில் சற்குணனின் ரசீதில்
எடைக்குக் கீழே காலியாக இருந்த கட்டத்தில்
நன்றி என்று எழுதப் போனேன்.
கட்டத்தின் தலையில் 'கழிவு' என்று அச்சடித்திருந்தது.
எழுதவில்லை.
கிலோவை மட்டும் சரியாகப் போட்டுக் கொடுத்தேன்.