ஒரு பையில் போட்டு எடுத்து வாங்க

“வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?”
இல்லை என்றேன்.
பொய் சொல்லவில்லை.
மருந்து என்பது நோய்க்குச் சாப்பிடுவது.
நான் சாப்பிட்டது
நோய் வராமல் இருக்க.

ராணிப்பேட்டையில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் லைன்.
எதிர் மிஷினில் எஸ்தர் கனகவல்லி.
சித்திரை வெயிலில் தகரக் கூரை வெடித்த ஒரு மதியம்
துருப்பிடித்த ஊசி ஒன்றைக் காட்டினாள்:
“உள்ள இதுதான் நடக்குதுக்கா.
உடம்பு துருப்பிடிக்குது.”
பிறகு புட்டியை எடுத்தாள். மூடியில் தங்கக் கோடு.
ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அவள் சொன்னது
ஏதோ சாமி பெயர் போலக் கேட்டது.

ஒன்று வாங்கினேன்.
முடிக்கென்று இன்னொன்று. களைப்புக்கென்று மூன்றாவது.
பலன் சீக்கிரம் வரட்டுமென்று
ஒன்றுக்கு இரண்டாக.
அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு என்பதெல்லாம்
அமிர்தத்துக்கு.
இது கம்பெனி சரக்கு.

ஆடியில் சீப்போடு கற்றையாய் வந்தது முடி.
முடி மாத்திரையைக் கூட்டினேன்.
நகத்தில் வெள்ளைக் கோடு விழுந்து
பிறகு நகமே சீவலாய் உதிர்ந்தது.
தோலை மடித்துப் பிடிக்க நகம் வேண்டும்.
பூண்டு உரிக்காத நாளிலும்
வாயில் பூண்டு வாடை என்றார் வீட்டுக்காரர்.

வேலூர். வங்காள எழுத்தில் பலகை மாட்டிய
மெஸ்களைத் தாண்டி ஆஸ்பத்திரி.
டோக்கன் நூற்றுப் பதினாறு.
இளம் டாக்டர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“வீட்டுல இருக்கிற எல்லா டப்பாவையும்
ஒரு பையில போட்டு எடுத்து வாங்க.
சத்து மாத்திரை, லேகியம், பவுடர், எதையும் விடாம.”

வியாழக்கிழமை துணிக்கடைப் பையைக் கவிழ்த்தேன்.
மூன்று பெயர், மூன்று நிறம்.
மூன்றிலும் செலினியம்.
சீட்டின் பின்பக்கம்
பால் கணக்கு போலக் கூட்டினார்:
இருநூறு, இருநூறு, இருநூறு.
இரண்டால் பெருக்கினார்.
ஆயிரத்து இருநூறு மைக்ரோகிராம்.
“ஒரு நாளைக்கு நானூறு தாண்டக் கூடாதும்மா.
சோத்துல வர்றதையும் சேர்த்து.”
துருவைத் தடுக்க வந்தது
அளவு மீறினால் தானே துருவாகுமாம்.

“இந்த ஆரஞ்சு கலர் யாருக்கு?”
வீட்டுக்காரருக்கு.
“பீடி பிடிப்பாரா?”
நான் வாய் திறக்குமுன்
பேனாவை மூடி வைத்தார்.
கேரட் தின்றால் தப்பில்லை.
அந்தச் சத்தை மாத்திரையாக்கி விழுங்கினால்
புகைப்பவர் நுரையீரலில்
புற்று வரும் வாய்ப்பு கூடுகிறதாம்.
தினமும் காலையில்
அதை விழுங்கிவிட்டுத்தான் முதல் பீடி,
டிக்கெட் எடுத்துவிட்டு ஏறுகிறவர் போல.

டாக்டரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
எஸ்தருக்குக் கீழே நான்.
எனக்குக் கீழே பதினோரு பேர்.

திரும்பும் பஸ்ஸில் நோட்டைப் பிரித்துப் போன் போட்டேன்.
அம்மூர் செல்வாம்பிகை, ஐந்து மாதம்:
“நான் குடுத்ததை விட்டுடு.
ஆஸ்பத்திரியில குடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாதே.”
மேல்விஷாரம் ஷம்ஷாத்.
அவள் அத்தாவுக்கு வால்வு மாற்றியிருக்கிறது,
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை.
அவருக்கு நான் விற்றது வைட்டமின் ஈ.
“என்னோடதை மட்டும் நிறுத்து.
அவர் மாத்திரையைத் தொடாதே. நாளைக்கே டாக்டரைப் பாரு.”
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“பல் விளக்கறப்ப ரத்தம் வருதுன்னாரே…
அதுவாக்கா?”

ஏழாவது ஆள் கேட்டாள்:
காசு திருப்பித் தருவியா?
பாலாற்றுப் பாலம் தாண்டும்போது
தருவேன் என்றேன்.
எப்படி என்று ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எஸ்தர் மட்டும் போனை எடுக்கவில்லை.

மறுநாள் லைனில் உட்கார்ந்திருந்தாள்.
பத்து விரலுக்கும் சிவப்புச் சாயம்.
பொட்டைத் தவிர எதுவும் பூசாதவள்.
மிஷினை நிறுத்தினேன்.
என் நகங்களை மேசைமேல் வைத்தேன்.
“கையைக் காட்டு” என்றேன்.