ஏழு அப்பாக்கள்

நெவில் ஆம்ஸ்பி செத்து மூன்றாவது வியாழன்.
ஹல் நகரம், ஸ்பிரிங் பேங்க் பப்பின் மாடி,
ஜன்னலில் ஆற்றுப் பக்கத்து மழை.
மோரீன் பழைய டேப்புகளை
பிஸ்கட் டின்னில் அடுக்கிக் கொண்டுவந்திருக்கிறாள்.
ஐவரும் வந்துவிட்டான்.
தமிழில் எண்ணினால் அவன் ஐந்து பேர்;
மூன்றாம் கிளாசுக்குப் பிறகு
ஐந்து பேருக்கும் சேர்த்து அவனே பேசுவான்.

"பாட்டை விடு, பாட்டு எவனும் கட்டுவான்.
டைடல் கிளார்க்ஸின் ஆறு தட்டையும் கடலில் போடு,
பேட்டிகள் மிஞ்சும்."
மோரீனுக்குச் சுருக்கென்றது.
இரண்டாம் தட்டில் அவன் அழும் இடம்
தெரியுமா உனக்கு என்றாள்.
அது அழுகை இல்லை, சளி என்றான் ஐவர்.

எண்பத்தாறில் ஒரு வானொலிக்காரி
புதுப் பாட்டைப் பற்றிக் கேட்டாள்.
பதினோரு நிமிஷம்
கூரைப் பீலி அடைத்த கதை சொன்னான்.
ஒரு பத்திரிகைக்கு
ஒவ்வொரு கேள்விக்கும் முந்திய கேள்வியின் பதில்;
கடைசிக் கேள்வி இன்னும்
பதிலுக்காக எங்கோ அந்தரத்தில் நிற்கிறது.
தொலைக்காட்சியில் நனைந்த கோட்டோடு உட்கார்ந்து
மேசைமேல் ஒரு வெங்காயத்தை வைத்தான்:
"என் வக்கீல். இவரைக் கேளுங்கள்."

அப்பா என்ன வேலை என்று கேட்டால் மட்டும்
தட்டாமல் பதில் வரும்.
கலங்கரை விளக்கில் காவல்.
பல்செட் விற்பனை.
வேல்ஸில் பாதிரி.
அதே வேல்ஸில் குதிரைப் பந்தயத் தரகன்.
கொடியில் காய்ந்த சட்டைக்குப் பிறந்தேன் என்று ஒருமுறை.
மோரீன் கணக்கில் மொத்தம் ஏழு.
ஐவர் மூன்றாவது அப்பாவை நம்புகிறான்,
மேசையைக் குத்திச் சத்தியம் செய்கிறான்.

டெஸ் சிரிக்கவில்லை.
பாண்டு கலைந்தபோது அவள் பிறந்திருக்கவே இல்லை.
"ஒரு பொம்பிளை இப்படிப் பேசியிருந்தால்
மேதை என்றிருக்க மாட்டீர்கள்,
மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பீர்கள்."
கொஞ்ச நேரம்
சிப்ஸ் மட்டும் குறைந்துகொண்டிருந்தது.

நான் எப்படி இவர்களோடு சேர்ந்தேன்?
தர்மக் கடையில் மூன்று பவுணுக்கு ஒரு டேப் பிளேயர்,
உள்ளே சிக்கியபடி அவன் குரல்.
ஆங்கில வகுப்பு என்று நினைத்தேன்.
நான் முதலில் கற்ற ஆங்கிலம் பீலியின் ஆங்கிலம்:
அடைப்பு, துரு, ஒழுக்கு, ஏணி.

அந்த வருஷம் எனக்கும் ஒரு நேர்காணல் இருந்தது.
மூன்றரை மணி நேரம், ஒரு மொழிபெயர்ப்பாளர்,
பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர்.
உன் அப்பா என்ன வேலை?
முதல் தாளில் சங்கக்கடை மனேஜர் என்றிருந்தது,
இரண்டாம் தாளில் கமக்காரர்.
காலையில் கடை திறப்பார்,
பின்னேரம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறுவார்,
இரண்டு கைக்கும் இரண்டு மணம்.
அதிகாரி பென்சிலால் கோடு போட்டார்.
பதினாலாம் பந்தி: முரண்பாடு, ஆகவே நம்பகமற்றவர்.
இரண்டே இரண்டு அப்பா, அதுவும் ஒரே ஆள்.
அதைத் திருத்த நாலு வருஷமும் மூன்று வக்கீல்களும்.
ஒருத்தரும் வெங்காயம் இல்லை.

இதை இந்த மாடியில் நான் சொன்னதில்லை.
சொன்னால் ஐவர் எனக்குக் குடிக்க வாங்கித் தருவான்,
மோரீன் கண் துடைப்பாள்,
பிறகு நான் அவர்களுக்கு எட்டாவது கதை.

"நீங்கள் எந்த அப்பாவை நம்புகிறீர்கள்?"
டெஸ்தான் கேட்டாள், உண்மையாகவே கேட்டாள்.
என் வாயில் அந்தப் பென்சில் கோடு ஓடியது.
கூரைப் பீலி அடைத்திருக்கிறது என்றேன்.
ஐந்து பேரும் சேர்ந்து சிரித்தான் ஐவர்.
டெஸ் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மோரீன் அடுத்த டேப்பைப் போட்டாள்.
கேள்வி வருமுன் ஓர் இரைச்சல்,
யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.