நோக்கம் என்ற கட்டம்

எங்கள் ஊர்ப் பேருக்குப் படகு என்று பொருள்.
வூச்.
சொல்லிக்கொள்ள ஓர் ஆறு கிடையாது.
இருந்த சிற்றாறுகளையும்
ஆலைகள் கொழித்த நாளில்
தெருவுக்கு அடியில் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள்.
மேலே ஓடுவது வண்டிகள்தான்,
இருபத்திரண்டு மீட்டர் அகலத்துக்கு,
இரவிலும் வற்றாமல்.

நான் சாலைத் துறையில் அளவுக்காரன்.
ஒரு மடக்கு நாற்காலி, ஒரு நொடிக் கடிகாரம்,
மழைக்கு நனையாத அட்டையில் செருகிய தாள்.
பச்சை விளக்குக்குப் பதினெட்டு நொடி.
நல்ல முழங்காலுக்குப் போதும்.

கெனொவேஃபாவுக்குப் போதாது.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
முப்பது வருடம் ஈரப் போர்வை சுமந்த கால்.
பன்னிரண்டாவது மீட்டரில் அவளுக்குச் சிவப்பு விழும்.
அன்றைக்கு நடுவில் இருந்தது
ஒரு வெள்ளைக் கோடு.
கையகலம்.
அதன்மேல் இரண்டு காலையும் ஒட்டி வைத்து
புளித்த முட்டைக்கோஸ் பையை
வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பாள்.
முன்னால் ஒரு லாரி போகும், பின்னால் ஒரு லாரி வரும்;
மேலங்கியின் முன்விளிம்பு கிழக்கே பறக்க
பின்விளிம்பு மேற்கே பறக்கும்.
நான் தாளில் ஒரு கோடு கிழிப்பேன்:
அகப்பட்டவர், ஒன்று.

பத்து நாளில் நாற்பத்தொரு கோடு.

தீவு கேட்டு விண்ணப்பம் எழுதினேன்.
படிவத்தில் ஒரு கட்டம்: நோக்கம்.
நான்கு சொல்லுக்குத்தான் இடம்.
எதிரெதிர் ஓட்டங்களைப் பிரிக்க, என்று எழுதி அடித்தேன்;
ஒரு சுவருக்கும் அதுதானே வேலை.
வேகம் குறைக்க.
விளக்குக் கம்பம் நட.
எல்லாம் உண்மை,
எதிலும் முட்டைக்கோஸ் வாசனை இல்லை.

எங்கள் மொழியில் இந்தக் கான்கிரீட் திட்டுக்கு
இன்னொரு பெயர் உண்டு: அஸில்.
எல்லை வேலியில் விரல் கோத்து
அயல்நாட்டார் கேட்கிறார்களே, அதே சொல்.
தஞ்சம்.
அதை எழுதிக் கொடுத்தேன்.
"ஆறு மீட்டர் சிமென்ட்டுக்கா?" என்றார் விதோல்ட்.
கையெழுத்தும் போட்டார்.

மார்ச்சில் கட்டினார்கள்.
இரண்டரை மீட்டர் அகலம்,
பன்னிரண்டு சென்டிமீட்டர் விளிம்பு,
தள்ளுவண்டிக்காக நடுவில் தரையோடு தரையாக ஒரு வெட்டு.
தலைமாட்டில் நீல அம்புக் கம்பம்;
முதல் வாரமே ரொட்டி வேன் ஒன்று அதைச் சாய்த்தது.
பனிக்காலத்தில் கலப்பை வண்டிகள் இரு பக்கமும் ஒதுக்கியதில்
தீவு குன்றானது.
உணவு கொண்டுபோகும் பையன் ஒருவன்
சைக்கிளை அதில் சாய்த்து, தானும் சாய்ந்து,
யாருடைய சூப்போ ஆறிக்கொண்டிருக்க
தன் வீட்டுக்குப் போன் பேசினான்,
எனக்குப் பாதி புரியும் உக்ரைன் மொழியில்.

ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தது.
மூலையில் புதிதாய் வந்த பேரங்காடிக்கு
வண்டி திரும்ப ஒரு தடம் வேண்டுமாம்.
தீவில் யாரும் நிற்பதாகத் தெரியவில்லை, ஆவன செய்க.

மறுபடி நாற்காலியை விரித்தேன்.
உண்மைதான். நிற்கவில்லை.
கெனொவேஃபா வந்தாள், அதே பை,
இறங்கினாள்,
தீவு வந்ததைக் குனிந்துகூடப் பார்க்காமல்
ஒரே மூச்சில் அந்தப் பக்கம்.
பதினேழு நொடி.

ஓடிப்போய்க் கேட்டேன்,
முழங்கால் குணமாகிவிட்டதா அம்மா?
"எங்கே? முன்னைவிட மோசம்."
அப்புறம் எப்படி...
"நிற்கத்தான் இடம் இருக்கிறதே,"
என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்,
"பிறகு எதற்கு நிற்க?"

பயம்தான் அந்த ஐந்து ஆறு நொடியைத் தின்றிருக்கிறது.
அதற்கு எங்கள் படிவத்தில் வரிசை இல்லை.

இன்று கம்பம் மறுபடி விழுந்து கிடக்கிறது,
நீல அம்பு வானத்தைக் காட்டியபடி.
மடியில் புதுப் படிவம்.
நின்றவர்கள்: சுழியம்.
நோக்கம் நிறைவேறியதா: ஆம், இல்லை,
ஒன்றைச் சுழிக்கவும்.
தூறல் தொடங்குகிறது.
கட்டத்தை விட்டு வெளியே,
துளைபோடும் ஓரத்தில்,
பென்சிலை அழுத்தி எழுதுகிறேன்:

கெனொவேஃபா.
பதினேழு நொடி.