நீல வட்டம்

ஈரத்தலையோடு ஓடியவளைப் பிடித்து நிறுத்தினேன்.
முழங்காலின் பின்மடிப்பில்
எள்ளுக்குக் கால் முளைத்ததுபோல்
ஓர் உண்ணி.

மன்னவனூர்ப் புல்லில்
ஆடு படுத்தெழுந்த இடத்தில் உருண்டிருக்கிறாள்.
கேட்டால்,
"நான் உருளல, மலைதான் சரிஞ்சுச்சு."

மண்ணெண்ணெய் கூடாது, சூடு கூடாது,
தலையோடு வரணும் என்றார் நர்ஸ், போனில்.
புருவம் திருத்தும் இடுக்கியால்
மூச்சடக்கி இழுத்தேன்.
வந்தது,
காற்றில் இன்னும் நடந்துகொண்டு.

தேதி மறக்காமலிருக்க
காலண்டர்த் தாளிலேயே செல்லோடேப் போட்டு ஒட்டினேன்.
கடக ராசிக்கு அன்று: வரவு.
அந்தத் தாளைக் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை.
பதினோரு நாளாக எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை.

கடிவாயைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம்.
சிவப்பு இதைத் தாண்டினால்,
காய்ச்சல் அடித்தால்,
உடனே கொடைக்கானல்.

மறுநாளே வட்டத்துக்குக் கண்ணும் மீசையும்.
தம்பி வேலை.
சஷ்டிகா சிரித்ததில் மீசை நெளிந்தது.

குளித்தால் அழிகிறது.
அவள் தூங்கியதும்
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
திரும்ப வரைகிறேன்,
பழைய கோட்டின் மேலேயா
பயத்தில்
ஒரு நூல் தள்ளியா
தெரியவில்லை.