அறுபதில் ஒன்று

பவர் பட்டனை அழுத்தியதும் எண்ணத் தொடங்கவேண்டும்.
ஒரு செக்கனுக்குள் அறுபது படம்.
நாலாவது செக்கனின் பதினோராவது படத்தில் ஸ்டார்ட்.
ஒன்று பிந்தினால் வேறோர் இரவு.
ஒன்று முந்தினால் இன்னுமொன்று.
மற்ற இரவுகளில் எனக்கு வேலை இல்லை.

இந்தப் பெட்டிக்குள் மணிக்கூடு கிடையாது.
நேற்றென்ற சங்கதியே அதற்குத் தெரியாது.
கசட்டில் தூசு ஊதிச் செருகி
எந்த நாளில் எழுப்பினாலும்
அதே சிவப்புக் கம்பளம், அதே சாக்சபோன்,
அதே மீசைக்காரன் சீட்டுக் கலைக்கிறான்.
கலைப்பது நடிப்பு.
என் பெருவிரல் அமரும் கணத்தில்தான்
தன் கையில் என்ன இருக்கிறதென்று
அவனுக்கே தெரியவருகிறது.

சீஆர் கொப்பியில் மூன்று வருடம்.
வாசல் தூணில் இரண்டு தரம் முட்டு.
பூச்சாடியை ஒருமுறை சுற்று.
ஐந்து எண் எரியும்.
பார்க்கிறவர்களுக்கு வெறிக்குட்டி மாதிரித்தான் இருக்கும்.
பிறகு சிவப்பு ஏழு, சிவப்பு ஏழு, சிவப்பு ஏழு,
காசு கொட்டுகிற அந்தத் தகர மழை.
பத்து லட்சத்துக்கு என்னுடைய நேரம்
பதினேழு நிமிடம் நாற்பத்து நாலு.
ஒசாகாவில் ஒருவர் நாற்பத்திரண்டு.
முகம் கண்டதில்லை.
எந்த இடத்தில் அவருக்குக் கை நடுங்குமென்று தெரியும்.

அருள்சீலன்
சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை முடித்து
புருவத்தில் மாவோடு
ஃபோனுக்குக் கண்ணாடி மாற்ற வருவார்.
"அதிர்ஷ்டத்தையே திருப்புறீராம் பிள்ளை,
வெள்ளிக்கிழமைச் சீட்டுக்கு ஒரு நம்பர் சொல்லுமன்."
அதற்குப் பவர் பட்டன் எங்கே அண்ணே என்றேன்.
சிரித்தார். எனக்கு வரவில்லை.
இந்த ஊரில்
ஒரு நிமிடம் பிந்திப் போனதால்
இன்றைக்கும் பாண் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.
அவர்கள் ஒன்றும் எண்ணவில்லை.
செருப்பு வார் அறுந்தது, அவ்வளவுதான்.
வார் அறாதவர்களைப் பற்றி
ஒருவரும் கொப்பி எழுதுவதில்லை.

இன்று காலை ஐந்தே முக்கால்.
ஏகாம்பரம் வீதி இன்னும் பூட்டிக் கிடக்கிறது.
கடையின் மேல்மாடியில் நானும் ரீவியும்.
கீழே ஒரு கொம்பன் மான்
நேற்று நான் வீசிய ஃபோன் பெட்டி மட்டையை
ஆறுதலாகத் தின்கிறது.
பதின்மூன்றாம் நிமிடம் வரை
ஒசாகாவைவிட ஒரு செக்கன் முன்னால்.
காதுக்குள் ரைமர்: டிக், டிக், டிக்.
அப்போது பாண் ஓட்டோ திரும்பியது.
அதன் பாட்டு, என் ரைமரின் தாளத்திலேயே,
ஒரு மயிரிழை தள்ளி.
பெருவிரல் பாட்டுக்கு விழுந்தது.

சிவப்பு ஏழு. சிவப்பு ஏழு. எலுமிச்சை.

கையிலிருந்த முழுவதையும் வைத்திருந்தேன்,
எப்போதும் போல.
வழமையாக இந்த இடத்தில் அணைப்பேன்.
கை போனது. பிறகு நின்றது.
நாலாயிரம் தரம் ஆடியிருக்கிறேன்,
ஒருமுறையும் தோற்றதில்லை.
தோற்கமுதல் அணைத்திருக்கிறேன்.

சாக்சபோன் ஓய்ந்தது.
சத்தமில்லாத அந்த மண்டபத்தை
இதுவரை நான் கேட்டதே இல்லை.
வாசல்காரன் வந்தான்,
நான் எத்தனையோ தரம் ஓடிக் கடந்தவன்,
நாலு நிறப் புள்ளிகளால் ஆன மனிதன்.
தொப்பியைக் கழற்றி
ஒற்றை நாணயம் நீட்டினான்.
பஸ்ஸுக்கு வைத்துக்கொள் என்றது திரை.

வெளியே ஒரு கடல் இருந்தது.
யாரோ மினக்கெட்டு
நாலு நீலக் கோட்டில் அலை வைத்திருக்கிறார்கள்,
உட்துறைமுகம் மாதிரி,
அசைய மனமில்லாத அலை.
ஒரு பஸ் தரிப்பிடம். ஒரு விளக்கு.
ரைமர் இருபத்தொன்றைத் தாண்டி ஓடுகிறது.
கீழே ஷட்டரைத் தட்டுகிறார்கள்,
அருள்சீலனாக இருக்கும்.
பஸ் எத்தனையாம் படத்தில் வருமென்று
கொப்பியில் இல்லை.

கொஞ்சம் பொறுங்கோ அண்ணே.