மதகு

உம்சிண்டோவுக்கு மேற்கே, கரும்பு முடிந்து
நாணல் தொடங்கும் இடத்தில்
மூன்று குளங்கள், ஒரு கிணறு, ஒரு பம்பு, நான்.
எழுபத்தாறு வீட்டுக் கழிவுநீர்
என்னிடம்தான் வந்து சேர்கிறது.

யார் வீட்டில் என்னவென்று
கேட்காமலே தெரியும்.
புரட்டாசி முழுக்க வலை சுத்தமாக இருக்கும்.
முடிந்த மறுநாளே
மூன்று வாளி கொழுப்புக்கட்டி.
காவடிக்குப் பிறகு இரண்டு நாள் மஞ்சள் நுரை.
ஒருமுறை, கிழித்துப் போட்ட கடிதம் ஒன்று
எழுத்து அழியாமல் சிக்கியது.
படிக்கவில்லை.
படிக்க முடியாமல் இல்லை.

முதல் குளம் கறுப்பு. அதைப் பார்க்க ஆள் வருவதில்லை.
இரண்டாவதில் பாசி; வெயில் ஏறினால்
குமிழ் குமிழாக மூச்சு விடும்.
மூன்றாவதில் வாத்து இறங்கும்.
இருபத்திரண்டு நாள் தங்கித் தங்கி
ஓடைக்குப் போகிற தண்ணீர்.
குடிக்கச் சொன்னால் மாட்டேன்.
முகம் பார்த்துப் பொட்டு வைத்ததுண்டு.

கோயில் கமிட்டியில் கேட்டார்கள்:
வாடை அடிக்கிறதே, நகர்த்த முடியாதா?
குளத்தையா, காற்றையா என்றேன்.
தனபாலன் மூட்லி மட்டும் சிரித்தார்.
அவர் வீடு காற்று போகாத பக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை
நான்கு மணிக்கு மின்சாரம் போனது.
அட்டவணைப்படி ஆறரைக்கு வரவேண்டும்.
ஏழாயிற்று. எட்டாயிற்று.
ஜெனரேட்டர் பாட்டரியைப் போன மாதமே
யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
நகராட்சிக்கு நான்கு கடிதம் போட்டேன்,
ஒரு பதில் வந்தது: கடிதம் கிடைத்தது.

கிணற்றில் ஏறிக்கொண்டே இருக்கிறது.
டார்ச் அடித்துக் கல் வரிசையை எண்ணுகிறேன்.
ஆறு வரிசை மிச்சம். அப்புறம் ஐந்து.
நிரம்பினால் வழிய ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள்,
நேரே ஓடைக்கு.
கட்டியவர்களுக்கு இரக்கம் அதிகம்,
மேட்டில் இருப்பவர்கள் மேல்.

ஓடையில் அரைமைல் கீழே
மாகுமேடே தண்ணீர் மொள்ளும் துறை.
விடியுமுன் வருவாள்,
தலையில் ஒரு வாளி, கையில் ஒன்று.
என்னைக் கண்டால் முதலில்
வாத்துகளின் நலம்தான் விசாரிப்பாள்.

இரண்டு வரிசை.

மதகின் சக்கரம் துருவேறிக் கிடந்தது.
என் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினேன்.
அரைச் சுற்று. முக்கால்.
பிறகு பலகை இறங்கும் சத்தம்,
அடித்தொண்டையில் யாரோ ‘சரி’ என்பது போல.
ஊரிலிருந்து வந்தது
ஊருக்கே திரும்பியது.

ஒன்பதரைக்கு முதல் போன். ரங்கநாயகி கோவெண்டர்,
குளியலறைச் சல்லடையில் பொங்குகிறதாம்.
பிறகு கமிட்டிச் செயலாளர்.
தனபாலன் மூட்லி வீடுதான் ஊரிலேயே பள்ளம்;
இந்த முறை அவர் சிரிக்கவில்லை.
நலங்கு வைத்த வீடு ஒன்று,
அவர்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.
மற்றவர்களிடம்
உங்களுடையதுதான் என்றேன்.

பதினொன்றே காலுக்குப் பம்பு இருமிக்கொண்டு எழுந்தது.

பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டம்
தீப்பெட்டி அகலம்.
மின்வெட்டு, மதகு மூடப்பட்டது என்று எழுதினேன்.
யாருக்காக என்று எழுத
இடம் போதவில்லை.

விடியுமுன் மாகுமேடே வந்தாள்.
ராத்திரி தூங்கினாயா என்றாள்.
உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.
பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.
ஒரு வாத்தைக் காணோம் என்றாள்.
எண்ணிப் பார்த்தோம்,
நாணலுக்குள் இருந்தது.